கை பிளாக் போடும் முன் போட வேண்டிய கணக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் பறிக்க ஏறி விழுந்து, முன்கை எலும்பு முறிந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காறை எலும்புக்கு மேலே பிளாக் (கைக்குப் போகும் நரம்புகளைச் சுற்றி மருந்து போட்டுக் கையை மரத்துப்போகச் செய்வது) போட்டு ஆபரேஷன். மயக்கவியலுக்குப் புதிதாக வந்தவர்கள் ஊசி எங்கே போகிறது என்றே பார்ப்பார்கள். மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் எடை. கண்ணளவு வேண்டாம், மெஷினில் ஏற்றுங்கள். இவர் 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது மரப்பு மருந்துகளின் உச்ச வரம்பு. அட்ரினலின் சேர்த்த லிக்னோகெயின் கிலோவுக்கு 7 மி.கி., ஆக 350 மி.கி. 2 சதவீத மருந்தில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. இருப்பதால் 17.5 மி.லி.யோடு சரி. புபிவகெயின் கிலோவுக்கு 2 மி.கி. என்றால் 100 மி.கி.; 0.5 சதவீதத்தில் 20 மி.லி. பலர் சறுக்குவது இரண்டையும் கலக்கும்போதுதான். 'அது வேற மருந்து, இது வேற மருந்து' என்று இரண்டையும் முழு அளவில் ஏற்றக் கூடாது. நச்சுத்தன்மை கூடிக்கொண்டே போகும். ஒன்றில் பாதி எடுத்தால் மற்றதிலும் பாதிதான் மிச்சம். சர்ஜன் பிறகு, "கொஞ்சம் லோக்கல் போட்டுக்கிறேன்" என்பார். வெட்டும் இடத்தில் போடும் அந்த மரப்பு மருந்தும் இதே கணக்கில்தான் சேரும்.

போடும்போது 3 முதல் 5 மி.லி.க்கு ஒருமுறை நிறுத்தி, பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் முழுதாக நம்பிவிட வேண்டாம். ஸ்கேன் திரையில் மருந்து பரவுவது தெரிய வேண்டும்.

நேரே ரத்தக்குழாயில் போனால் சில நொடிகளிலேயே வலிப்பு வரலாம். சரியான இடத்தில் போட்டாலும் மருந்து மெல்ல உறிஞ்சப்பட்டு, சுமார் 20 முதல் 30 நிமிடத்தில் ரத்த அளவு உச்சத்தைத் தொடும். லிக்னோகெயின் மி.லி.க்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டும்போது அறிகுறிகள் தொடங்கலாம். லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். "நாக்கு தடிச்ச மாதிரி இருக்குதுங்க", "காதுல ஙொய்ங்குதுங்க" என்றால் உடனே மருந்து போடுவதை நிறுத்துங்கள். தூக்க மருந்தான மிடசோலம் தாராளமாகக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டால் இதைச் சொல்ல ஆள் இருக்காது.

வலிப்பு வந்தால் மூச்சுப்பாதை, ஆக்சிஜன், வலிப்பை அடக்க மிடசோலம். கூடவே 20 சதவீத லிப்பிட் (ரத்தக்குழாயில் ஏற்றும் வெள்ளைக் கொழுப்புப் பால்மம்), கிலோவுக்கு 1.5 மி.லி.: இவருக்கு 75 மி.லி., 2 முதல் 3 நிமிடத்தில். தொடர்ந்து நிமிடத்துக்கு 12.5 மி.லி. மயக்க மருந்தான புரோபோஃபாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அது இதற்கு மாற்றல்ல. லிப்பிட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பிளாக் தட்டைத் திறக்கும் முன்பே சிஸ்டரிடம் கேட்டு வையுங்கள்.