தேனீப் பெட்டி உளுத்துப்போகாமல் இருக்க நான் செய்தது

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஆறு தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. போன ஐப்பசி மழை முடிந்து பார்த்தால், ஒரு பெட்டியின் அடிப்பலகை விரலால் அழுத்தினாலே பஞ்சு மாதிரி உள்ளே போனது, ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. மனசே கேட்கவில்லை. மழையை மட்டும் குறை சொல்ல முடியாது, பெட்டி பின்பக்கம் சாய்ந்திருந்ததால் வாசல் வழியாக உள்ளே போன தண்ணீர் அங்கேயே தேங்கிவிட்டது.

பலகையை மாற்றினேன். அப்புறம் 20 பங்கு ஆளி விதை எண்ணெயில் 1 பங்கு தேன்மெழுகு போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கி (நேரடித் தீயில் வேண்டவே வேண்டாம்), காலிப் பெட்டிகளின் வெளிப்பக்கம் மட்டும் சூடாக இரண்டு தடவை பூசி, வாடை போகும்வரை நிழலில் காயவிட்டு, பிறகுதான் ஈக்களை மாற்றினேன். உள்பக்கம் எதுவும் பூசக்கூடாது, புழுவும் தேனும் இருக்கிற இடம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

மூடிக்கு மேல் தகரம் அடித்தேன். இப்போது எல்லாப் பெட்டியும் வாசல் பக்கம் லேசாகச் சாய்ந்தே நிற்கிறது.