கிளட்ச் கவரில் எண்ணெய் கசிகிறதா? கேஸ்கெட்டை நீங்களே மாற்றும் முறை

மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் காலையில் சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தின் அளவில் கரும்பொட்டு ஒன்று தெரிந்தால், நம்மில் பலர் முதலில் செய்வது எஞ்சின் மூடியின் போல்ட்டுகளை இன்னும் சற்று முடுக்கிப் பார்ப்பதுதான். நானும் ஒருமுறை அதைத்தான் செய்தேன். என் பழைய 150 சிசி வண்டியின் கிளட்ச் கவர் (எஞ்சினின் பக்கவாட்டில் கிளட்ச்சை மூடியிருக்கும் மூடி) ஓரம் ஈரமாகத் தெரிந்தபோது, கீழ்ப்புறத்து போல்ட்டை நீண்ட கைப்பிடி கொண்ட ஸ்பேனரால் இறுக்கினேன். நன்றாக இறுகுகிறது என்று நினைத்த அடுத்த நொடியே அது எதிலும் பிடிக்காமல் வழுவழுவெனச் சுற்றியது. கழற்றிப் பார்த்தால், எஞ்சின் உடம்பில் இருந்த அலுமினிய மரை மெல்லிய சுருளாகப் பெயர்ந்து போல்ட்டோடு வந்திருந்தது. எண்ணெய் கசியாமல் இணைப்பை அடைக்கும் ஒரு தாள் கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, துளையைப் பெரிதாக்கி எஃகுச் சுருள் மரை பொருத்தும் வேலையாக வளர்ந்துவிட்டது.

முடுக்குவதால் கசிவு நிற்காததற்குக் காரணம் எளிது. இரண்டு அலுமினியப் பரப்புகளுக்கு நடுவே நசுங்கி இருக்கும் கேஸ்கெட், எஞ்சின் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சிறிது சிறிதாகத் தன் மீள்தன்மையை இழந்து, ஆண்டுகள் போகப் போக அட்டைபோல் இறுகிவிடுகிறது. இறுகிப்போன அட்டையை எவ்வளவு அழுத்தினாலும் அது இடைவெளியை நிரப்பாது. மாற்றுவதே வழி. ஆனால் மாற்றுவதற்கு முன், கசிவது அந்தக் கேஸ்கெட்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே தலைப்பகுதி மூடியில் கசியும் எண்ணெய் குளிர்விப்புத் தகடுகள் வழியாக இறங்கி, கிளட்ச் கவரின் விளிம்பில் ஓடி, அதன் அடிப்புறத்தில் துளியாகத் தொங்கும். விரைவுச்சாலையில் ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். ஆகையால் ஈரம் தென்படும் பகுதியில் மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ள இடத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதற்கு நான் நம்பும் முறை முகப்பவுடர்தான். எஞ்சின் ஆறியிருக்கும்போது, அழுக்கு நீக்கும் திரவத்தாலும் பழைய பல்துலக்கியாலும் அந்தப் பக்கம் முழுவதையும் தேய்த்துக் கழுவி, துளி ஈரமும் இல்லாமல் உலர விடுங்கள். பிறகு மூடியின் விளிம்பு நெடுகிலும் பவுடரை மெல்லிய படலமாகத் தூவி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச் விளக்கடியில் உற்றுப் பாருங்கள். எண்ணெய் தொட்ட இடத்தில் வெள்ளைப் படலம் சாம்பல் நிறக் கோடாக மாறியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்முனையே கசிவின் பிறப்பிடம். ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு சிறு சுற்று ஓட்டிவிட்டு வந்து மீண்டும் பாருங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் பணத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், இடப்புற மேக்னெட் கவரின் (மின்சாரம் உண்டாக்கும் காந்தச் சக்கரத்தை மூடும் மூடியின்) கேஸ்கெட்டை ஒரு பட்டறையில் இரண்டு முறை மாற்றினார், சொட்டு நிற்கவில்லை. பவுடர் தூவிப் பார்த்தபோது மூடியின் இணைப்பு எலும்புபோல் உலர்ந்திருந்தது. கியர் பெடலின் தண்டு எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தில் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்தான் கசிந்துகொண்டிருந்தது. முன்புறச் சங்கிலிப் பற்சக்கரத்தின் சீல், எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர் ஆகியவையும் இதேபோல் ஏமாற்றும். அளவுக்கு மேல் ஊற்றிய எண்ணெயும், அடைத்துப்போன எஞ்சின் மூச்சுக்குழாயும் (உள்ளே சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) எஞ்சினுக்குள் அழுத்தத்தைக் கூட்டி, நல்ல கேஸ்கெட்டையே கசிய வைக்கும் என்பதால், எண்ணெய் அளவையும் அந்தக் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

நம் ஊரில் இதைத் தள்ளிப்போடாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வயதானதும் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். எண்ணெய் சொட்டும் வண்டியோடு அங்கே போய் நிற்பது வீண் அலைச்சல். அதைவிட முக்கியம், பின் சக்கரத்தில் பட்ட எண்ணெய் மழைநாளில் உங்களைச் சறுக்கி விழ வைக்கும்.

இடமும் பொருள்களும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் வாகன நிறுத்துமிடத்தில் இந்த வேலையைச் செய்ய நினைக்காதீர்கள். அது எஞ்சினைப் பிரித்துப் போடுவதற்கான இடமன்று. வேலையும் பாதியில் நிறுத்த முடியாதது. தரை வீட்டில் இருக்கும் உறவினர் அல்லது நண்பரின் வாசலில் ஒரு ஞாயிறு முற்பகலைக் கேட்டு வாங்குங்கள். தரையில் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்துக்கொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

கேஸ்கெட்டை வாங்கப் போகும்போது வண்டியின் மாடல், தயாரிப்பு ஆண்டு, எஞ்சின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் மூடியின் வடிவம் மாறியிருக்கலாம். உபி, காக்கி புக்கிட் வட்டாரத்து உதிரிபாகக் கடைகளில் நம் ஊரில் அதிகம் ஓடும் 200 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு உரியவை பெரும்பாலும் கிடைக்கும். கேஸ்கெட்டை மடித்துப் பையில் திணிக்காமல், இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து எடுத்து வாருங்கள். டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கருவிகளில் 8, 10 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், ரப்பர் சுத்தியல், பிளாஸ்டிக் சுரண்டி, கேஸ்கெட் நீக்கித் திரவம், பிரேக் கிளீனர், நூல் உதிராத துணி ஆகியவை அடிப்படை. இவற்றோடு, போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று வேண்டும். இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளில் கேட்கும்போது 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சிறிய வகையைக் கேளுங்கள். கார் சக்கரத்துக்கான பெரிய ரெஞ்ச் இங்கே துல்லியமாக வேலை செய்யாது.

மூடியைக் கழற்றுதல்

எஞ்சின் கை வைத்துப் பார்க்கும்படி முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் கவர் வலப்பக்கம் இருப்பதால், வண்டியைப் பக்கத் தாங்கியில் இடப்புறம் சாய்த்து நிறுத்தினால் எண்ணெயை வடிக்காமலேயே கழற்றிவிட முடியும். ஆயினும் முதன்முறை செய்பவர்கள் எண்ணெயை வடித்துவிடுவதே நல்லது. சுரண்டும்போது உள்ளே விழும் துகள்களோடு பழைய எண்ணெயை மறுபடி ஓடவிட வேண்டியிருக்காது. தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சின்கள் சிலவற்றில் தண்ணீர் பம்ப் இதே மூடியில் இருக்கும். அப்படியானால் குளிர்விப்பு நீரையும் வடிக்க வேண்டும்.

குறுக்கே நிற்கும் பிரேக் பெடல், கால்மிதி, உதைத்துக் கிளப்பும் கிக்கர் ஆகியவற்றை அகற்றி, கிளட்ச் கேபிளைத் தளர்த்திக் கொக்கியிலிருந்து விடுவியுங்கள். கிக்கரை எந்தப் பல்லில் மாட்டியிருந்தது என்பதைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல என்பதை மறக்காதீர்கள். மைலோ பெட்டியின் அட்டை ஒன்றை எடுத்து, அதில் மூடியின் உருவத்தைக் கோடாக வரைந்து, போல்ட் இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு துளை குத்தி, கழற்றிய போல்ட்டை அதனதன் துளையிலேயே செருகி வையுங்கள். நீளமான போல்ட் குட்டையான துளைக்குப் போனால் அடி முட்டி மூடி இறுகாது. குட்டையானது ஆழமான துளைக்குப் போனால் இரண்டு மூன்று மரையை மட்டும் பிடித்து அவற்றைப் பெயர்த்துவிடும். செம்பு வாஷர் ஏதேனும் ஒரு போல்ட்டில் இருந்தால் அதற்கும் அதே இடம்தான்.

முதலில் எல்லா போல்ட்டுகளையும் எதிரெதிராக அரைச் சுற்று மட்டும் தளர்த்திய பிறகே முழுதாகக் கழற்ற வேண்டும். மூடி ஒட்டிக்கொண்டு வராவிட்டால், விளிம்பில் துருத்தி நிற்கும் தடித்த பகுதிகளை ரப்பர் சுத்தியலால் மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். திருப்புளியை இடுக்கில் நுழைத்து நெம்புவது மட்டும் கூடவே கூடாது. அது விழுத்தும் ஒரே ஒரு கீறல், புதிய கேஸ்கெட் போட்ட பிறகும் எண்ணெய்க்கு வாய்க்காலாக அமையும். மூடி வெளியே வரும்போது அதன் உட்புறத்தைக் கவனியுங்கள்: கிக்கர் தண்டின் வாஷர் எண்ணெய்ப் பசையில் மூடியோடு ஒட்டிக்கொண்டு வந்து, பிறகு சத்தமில்லாமல் எங்கேயாவது விழும். மூடியைச் சரியான இடத்தில் நிறுத்தும் இரண்டு உள்ளீடற்ற டவல் பின்களும் அப்படித்தான்.

சுத்தம் செய்தல்

இந்த வேலையின் வெற்றி தோல்வி இங்கேதான் தீர்மானமாகிறது. இரண்டு மணி நேர வேலையில் ஒரு மணி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். திறந்திருக்கும் கிளட்ச் பகுதியைச் சுத்தமான துணியால் மூடிவிட்டு, பழைய கேஸ்கெட்டின் மிச்சங்கள் மீது கேஸ்கெட் நீக்கித் திரவத்தைப் பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள். ஊறிய தாள் சுவரொட்டிபோல் பட்டை பட்டையாக உரியும். உரியாத இடங்களைப் பிளாஸ்டிக் சுரண்டியைப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். துளையிடும் கருவியில் தேய்ப்பு வட்டை மாட்டித் தேய்ப்பது வேகமாக முடியும் என்றாலும், உதிரும் துகள்கள் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். அலுமினியமும் அங்கங்கே பள்ளமாகும்.

முடிந்தது என்று கண் சொன்னாலும் நம்பாதீர்கள். நகத்தின் நுனியை இரு பரப்புகளிலும் விளிம்பு முழுவதும் ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது தடுக்கினால் அங்கே இன்னும் தாள் இருக்கிறது. போல்ட் துளைகளுக்குள் தேங்கிய எண்ணெயையும் துணித்திரியால் உறிஞ்சி எடுக்க வேண்டும், ஏனெனில் அடி மூடிய துளையில் எண்ணெய் இருந்தால் போல்ட் அதை அழுத்தி, இறுகிவிட்டதுபோல் பொய்க்கணக்குக் காட்டும். மூடியைத் தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் கவிழ்த்து வைத்து, அது ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் மூடி வளைந்திருக்கிறது. அதைப் பட்டறையில் காட்ட வேண்டியதுதான்.

புதிய கேஸ்கெட்டைப் பொருத்துதல்

தாள் கேஸ்கெட்டுக்குப் பொதுவாகச் சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் ரப்பர்ப் பசை) தேவையில்லை. பயத்தில் இரு பக்கமும் அதைப் பூசுபவர்கள் அதிகம்; பிதுங்கி உள்ளே உதிரும் ரப்பர்த் துணுக்குகள் எண்ணெய் வடிகட்டி வலையை அடைக்கும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. எஞ்சின் உடம்பின் இரு பாதிகள் சேரும் கோட்டின்மேல் ஒரு பொட்டு வைக்கும்படி வண்டியின் கையேடு சொன்னால் அங்கே மட்டும் வையுங்கள்.

டவல் பின்களைப் பொருத்தி, அவற்றின் மேல் கேஸ்கெட்டை மாட்டி, மூடியைக் கையாலேயே தள்ளி உட்கார வையுங்கள். இடைவெளி மிஞ்சினால் கிளட்ச் நெம்புகோலோ கிக்கர் தண்டோ சரியாகச் சேரவில்லை என்று பொருள். போல்ட்டால் இழுத்து மூடப் பார்க்காமல், கழற்றி மறுபடி பொருத்துங்கள். பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் திருகாமல் துளைகளில் செருகிப் பாருங்கள். அவை ஏறக்குறைய ஒரே உயரத்தில் வெளியே நின்றால், நீளங்கள் மாறவில்லை. விரலால் எட்டும் வரை திருகிய பின், எதிரெதிர் வரிசையில் முதல் சுற்றில் 5 நியூட்டன் மீட்டரும், இரண்டாம் சுற்றில் கையேடு சொல்லும் அளவும் கொடுங்கள். 6 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மூடி போல்ட்டுகளுக்கு அது பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். அதைக் கையில் முதன்முதலாக உணரும்போது, இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான்.

கேபிளையும் மற்றவற்றையும் மாட்டி, கையேடு குறிப்பிடும் எண்ணெயை ஊற்றுங்கள். கிளட்ச் எண்ணெயில் நனையும் வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ குறியுள்ள (நனைந்த கிளட்ச் வழுக்காது என்பதைக் காட்டும் தரக்குறி) எண்ணெயே வேண்டும். எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து, வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு அளவு பாருங்கள். பின் சக்கரத்தையும் புகைபோக்கியையும் துடைத்த பிறகு, அதே பவுடரை மறுபடி தூவி, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். மறுநாள் காலையிலும் ஒருமுறை பாருங்கள்.

மேக்னெட் கவரும் இதே முறைதான். ஆனால் காந்தம் மூடியை உள்ளே வெடுக்கென்று இழுக்கும் என்பதால் விரல்களை விளிம்பில் வைக்காதீர்கள். மின்கம்பிகள் வெளியே வரும் இடத்து ரப்பர் அடைப்பில் சிறிது சீலண்ட் பூசுவது அங்கே பொருத்தமானது.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டுவது குற்றம். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அங்கே ஓடும் மழைநீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. வடித்த எண்ணெயைப் பழைய எண்ணெய்ப் புட்டியிலேயே ஊற்றி மூடி, பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து அனுப்பும் பட்டறை ஒன்றில் கொடுங்கள். தாங்கள் மாற்றாத எண்ணெயை எல்லாரும் ஏற்பதில்லை என்பதால், போல்ட்டில் கை வைப்பதற்கு முந்திய நாளே கேட்டுவைத்துவிடுங்கள்.