ஷெட் போடும்போது குழாய்த் தூணில் செய்யும் தவறுகள்

ஆனி பிறந்துவிட்டால் பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கம் காற்று ஓயாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் இந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நம் வீட்டு ஷெட்டுகளும் இதே காற்றில்தான் நிற்க வேண்டும். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் சதுர இரும்புக் குழாய்மேல் ஒரு தகரக் கூரை தெரிகிறது. பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணாச்சி, பைப் நல்ல கனம்தானே?” தூண் எவ்வளவு உயரம், அதன் தலையை எது பிடித்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவித் தரையில் நட்டமாக நிறுத்தி, மேல் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். அது நசுங்காது, வில்லாக வளைந்து விலகிவிடும். அதையே பாதியாக ஒடித்து அழுத்தினால் உங்கள் விரல்தான் வலிக்கும். பாரம் தாங்கும் நெட்டைத் தூணும் இப்படித்தான் போகிறது. இதைப் பொறியாளர்கள் பக்லிங் என்பார்கள், நாம் நெளிவு என்று வைத்துக்கொள்வோம். கணித மேதை லியோனார்டு ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார்: நீளம் இரட்டித்தால் தாங்கும் பாரம் நான்கில் ஒன்றாகிவிடும்.

நம் ஊரில் அதிகம் புழங்கும் 50க்கு 50, 2 மி.மீ. கனமுள்ள குழாயை எடுத்துக்கொள்வோம். துண்டாக வெட்டி அமுக்கினால், சாதாரண ரகமே 8 டன் வரை தாங்கும். 3 மீட்டர் உயரத்தில், இரு நுனியும் நகராமல் பிடிக்கப்பட்டிருந்தால் சுமார் 3.3 டன்னில் நெளிந்துவிடும். அடி மட்டும் இறுக்கமாக இருந்து தலை காற்றில் ஆடுமானால் 0.8 டன்தான். இவை இம்மியும் கோணாத தூணுக்கான கணக்குகள். பட்டறையில் வெட்டி ஒட்டிய தூணுக்கு இன்னும் குறைத்தே கொள்ள வேண்டும்.

“உயர்ந்த ரக இரும்பு போடுங்கள்” என்று காசைக் கூட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. நெட்டைத் தூணில் அந்தக் காசு வீண். எந்த ரகமானாலும் இரும்பின் விறைப்பு ஏறத்தாழ ஒன்றே. நெளிவைத் தடுப்பது அந்த விறைப்பும், உலோகம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும்தான். அதே எடை இரும்பைக் குழாயாக இல்லாமல் உருண்டைக் கம்பியாக வார்த்தால் 22 மி.மீ. தடிமன் வரும், அதன் வளைவு எதிர்ப்பு குழாயில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இராது.

தூண்களின் தலை ஆடாமலிருக்கக் கோணலாக வைக்கும் குறுக்குக் கம்பியை அறுப்பதுதான் எனக்கு மிகவும் ஆற்றாமை தரும் தவறு. மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் கார் நுழைய இடைஞ்சல் என்று, ஷெட்டின் ஒரு பக்கத்துக் குறுக்குக் கம்பிகளை இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆடிக் காற்றுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தூணின் தலையிலிருந்து தூக்குக்குண்டு விட்டேன். அடியில் இரண்டு விரற்கடை விலகி நின்றது. தூண் ஒன்றும் மாறவில்லை, அதே குழாய்தான். தலையைப் பிடித்திருந்த பிடி போனதும், கணக்கில் அதன் நீளம் இரட்டித்துவிட்டது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 800, பாரம் தாங்கும் தூணின் மெலிவு விகிதம் (பருமனோடு ஒப்பிட்டால் தூண் எவ்வளவு நெட்டை என்று காட்டும் எண்) 180ஐத் தாண்டக் கூடாது என்கிறது. மேலே சொன்ன 3 மீட்டர் குழாய்க்கு இரு நுனியும் பிடித்திருந்தால் அது 153. தலை ஆடினால் 306. செயின் பிளாக் போட்டு இழுத்து நிமிர்த்தி, கார் போகாத பக்கத்தில் குறுக்குக் கம்பி வைத்தோம். கார் வழியை மறிக்காமல், தூணும் உத்திரமும் சேரும் மூலைகளில் தடித்த முட்டுகளைப் பற்றவைத்தோம்.

அகலம் கூடினால் பலம் கூடும் என்று மெல்லிய தகட்டில் பெரிய குழாய் வாங்குவதும் ஆபத்து. தூண் நிமிர்ந்தே நிற்கும், அதன் சுவர் மட்டும் மடிந்துவிடும். பக்க அகலம் கனத்தைப் போல் 40 மடங்கை நெருங்கினால் நிதானிக்க வேண்டும். மூங்கிலைப் பாருங்கள், உள்ளே குடைவாக இருந்தும் சாணுக்கொரு கணு வைத்துச் சுவரைக் காத்துக்கொள்கிறது. கடையில் சொல்லும் கனத்தை நம்பாமல் தராசில் வையுங்கள். 50க்கு 50, 2 மி.மீ. குழாயின் 6 மீட்டர் நீளம் 18 கிலோவை ஒட்டி இருக்கும்; 14 கிலோ காட்டினால் அது 1.6 மி.மீ. குழாய்.

மீந்த துண்டுகளைத் தூணின் நடுவில் ஒட்டாதீர்கள், வளைவு மிகுவது அங்கேதான். உத்திரத்தைத் தூணின் உச்சியில் நேராக உட்கார வையுங்கள். பக்கவாட்டில் ஒரு தகடு ஒட்டி அதன்மேல் ஏற்றினால், பாரம் முதல் நாளிலிருந்தே தூணை ஒரு பக்கமாக வளைக்கும். வண்டி இடித்து ஒடுங்கிய தூணுக்குப் பெயின்ட் அடித்து மறைப்பதும் வேண்டாம்.

உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றும் சேர்கிறது. மேல்வாயை மூடாமல் விட்ட குழாய்க்குள் மழைநீர் இறங்கி அடியில் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே உப்பும் ஈரமும் இரும்பைத் தின்னும். வாயைத் தகடு வைத்து முழுக்க அடையுங்கள். குழாயை மண்ணிலோ கான்கிரீட்டிலோ அப்படியே புதைக்காமல், தரைக்கு மேல் எழுப்பிய மேடையில் அடித்தகடு வைத்து போல்ட்டால் முடுக்குங்கள். பழைய ஷெட்டானால் ஐப்பசி மழைக்கு முன் ஒரு சிறு சுத்தியலோடு தூண் தூணாகப் போய், மார்பு உயரத்திலிருந்து அடிவரை தட்டிக்கொண்டே வாருங்கள். மேலே கணீரென்று கேட்கும் ஓசை அடியில் மொத்தென்று மாறினால், கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அந்தத் தூணை மாற்றிவிடுங்கள்.