குழந்தையோடு நீரைக் கொட்டுதல்: ஓர் ஆங்கில மரபுத்தொடரைப் பயன்படுத்தும் முறை

"த்ரோ தி பேபி அவுட் வித் தி பாத்வாட்டர்" என்ற ஆங்கிலத் தொடரைப் பலர் புரிந்துகொள்கிறார்கள்; ஆனால் தாமாகப் பேசும்போது பயன்படுத்தத் தயங்குகிறார்கள். கீழ்க்காணும் வரிசையில் பழகினால் அந்தத் தயக்கம் நீங்கும்.

படி 1: பொருளை அறிதல்

குழந்தையைக் குளிப்பாட்டிய அழுக்கு நீரைக் கொட்டும்போது, தொட்டியிலுள்ள குழந்தையையும் சேர்த்துக் கொட்டிவிடுவது என்பது இதன் நேர்ப்பொருள். வேண்டாததை ஒழிக்கும் வேகத்தில் அதனோடு கலந்திருக்கும் அருமையானதையும் இழந்துவிடுவதையே இது குறிக்கிறது. எனவே, நீங்கள் பேசும் விஷயத்தில் அழுக்கு நீர் எது, குழந்தை எது என இரண்டையும் சுட்டிக்காட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். பழுதான மின்விசிறியைக் கழித்துக்கட்டுவதற்கு இத்தொடர் பொருந்தாது. அங்கே காப்பாற்றவேண்டியது எதுவும் இல்லை.

இது ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழி எழுத்தாளர் தாமஸ் முர்னர் 1512இல் வெளியிட்ட அங்கத நூலில், ஒரு பெண் தொட்டி நீரோடு குழந்தையையும் கொட்டும் மரச்செதுக்குப் படமே இருக்கிறது. ஆங்கிலத்தில் 1849இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் இதை எடுத்தாண்டார். குடும்பத்தார் அனைவரும் ஒரே நீரில் குளித்ததால் கடைசியில் குழந்தையே கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று என்று மின்னஞ்சல்களில் பரவிய கதையை நம்பவேண்டாம்.

படி 2: அமைப்பைக் கவனித்தல்

காலத்திற்கேற்ப "த்ரோ" மட்டுமே "த்ரூ", "த்ரோன்" என மாறும். "அவுட்" என்பதை "தி பேபி"க்கு முன்னும் வைக்கலாம். "தி" இருக்குமிடத்தில் "எ" போடக்கூடாது.

படி 3: வாக்கியத்தில் அமைத்தல்

பெரும்பாலும் இது எதிர்மறையாகவே வரும். ஓர் அறிக்கையில் இரண்டு அட்டவணைகள் பிழையாக இருப்பதால் முழு அறிக்கையையும் கைவிடலாம் என்று ஒருவர் சொன்னால், "தி டேபிள்ஸ் ஆர் ராங், பட் லெட்ஸ் நாட் த்ரோ தி பேபி அவுட் வித் தி பாத்வாட்டர்" என்று மறுமொழி கூறலாம். மேலதிகாரியிடம் "டோன்ட்" என்று தொடங்கினால் கண்டிப்பதுபோல் ஒலிக்கும். "லெட்ஸ் நாட்" தன்னையும் உட்படுத்துவதால் பணிவாக இருக்கும்.

படி 4: தமிழில் பெயர்த்தல்

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதுபோல" என்ற பழமொழியை இதற்கு இணையாகப் பலர் எழுதுகிறார்கள். அது நெருங்கி வந்தாலும், சிறு தொல்லைக்கு மிகையான தீர்வு தேடுவதையே அழுத்திச் சொல்கிறது. ஆங்கிலத் தொடரோ நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கத் தவறுவதைச் சொல்கிறது. ஆகவே, பிரித்தறியாமையே பேச்சின் மையமாக இருக்குமிடத்தில், "கெட்டதோடு நல்லதையும் சேர்த்து ஒதுக்கிவிடாதீர்கள்" என்று நேராக எழுதுவதே தெளிவானது.