முருங்கைப் பொடி விளம்பரத்தை நீங்களே சரிபார்ப்பது எப்படி?

"முருங்கையில் பாலக்கைவிட 25 மடங்கு இரும்புச்சத்து!" இந்தப் படம் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். கீழேயே பொடி வாங்கும் இணைப்பும் இருக்கும். இந்த ஒரு வரியை எடுத்துச் சரிபார்த்துப் பழகிவிட்டால், மற்ற உணவுகளுக்கும் இதே வழிதான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"முருங்கை நன்மைகள்" என்று தேடினால் பொடி விற்பவர்கள்தான் முதலில் வருவார்கள். "100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் வரக்கூடிய கேள்வியில் ஏமாற்றுவது கஷ்டம்.

படி 2: பணம் எங்கிருந்து வருகிறது?

பக்கத்தில் 'கார்ட்' பட்டன் இருக்கிறதா? "எங்களைப் பற்றி" பகுதியில் யார் பெயர் இருக்கிறது? இணைய முகவரி '.ஆர்க்' (.org) என்று முடிவதை மட்டும் நம்ப வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

படி 3: மூல அட்டவணைக்குப் போங்கள்

முக்கியமான படி இதுதான். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்ஐஎன்) மத்திய அரசின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கீழ் இயங்குகிறது. 1918-இல் நம்ம குன்னூரில் பெரிபெரி நோயை (வைட்டமின் பி1 குறைபாட்டால் வருவது) ஆராயத் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து ஹைதராபாத்துக்குப் போனது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரிகள் எடுத்து, 528 உணவுகளைச் சோதித்து, 2017-இல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். "இந்தியன் ஃபுட் கம்போசிஷன் டேபிள்ஸ் 2017" என்று ஆங்கிலத்தில் தட்டினால் பிடிஎஃப் கிடைக்கும்.

திறந்ததும் மிரள வேண்டாம். உணவுகள் எழுத்து வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: தானியங்களுக்கு 'ஏ', பருப்புகளுக்கு 'பி', கீரைகளுக்கு 'சி'. கீரைப் பிரிவில், தாதுக்கள் அட்டவணையைப் பாருங்கள். முருங்கைக்கீரையில் இரும்பு சுமார் 4.5 மி.கி., பாலக்கில் சுமார் 3 மி.கி. ஒன்றரை மடங்குதான்! அப்படியென்றால் 25 எங்கிருந்து வந்தது? காய்ந்த பொடியைப் பச்சைக் கீரையோடு ஒப்பிட்டதுதான் முக்கியக் காரணம். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காயவைத்தால் எந்தக் கீரையின் எண்ணும் எகிறும், பாலக்கும் அப்படித்தான்.

அப்புறம், பொடியை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு டீஸ்பூன் 3 கிராம் இருக்கலாம். 100 கிராம் பொடியில் 28 மி.கி. இரும்பு என்று இணையத்தில் சுற்றும் கணக்கையே வைத்துக்கொண்டாலும், ஒரு டீஸ்பூனில் 1 மி.கி.கூடத் தேறாது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு ஐசிஎம்ஆர் பரிந்துரைப்பது 29 மி.கி. அதற்குப் பேசாமல் ஒரு கட்டு கீரை வாங்கிப் பொரியல் செய்துவிடலாம்.

இந்த அட்டவணையில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஆற்றலைக் கிலோஜூலில் தந்திருப்பார்கள், 4.184-ஆல் வகுத்தால் நாம் 'கலோரி' என்று சொல்லும் கிலோகலோரி வரும். அரிசிக்கான எண் வேகவைக்காத அரிசிக்கு உரியது. 1491 கிலோஜூல், அதாவது 356 கலோரி என்பதைப் பார்த்துவிட்டு, அதை 100 கிராம் சோற்றின் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாதாம், ஓட்ஸ் மாதிரிப் பொருட்களுக்கு அமெரிக்க வேளாண் துறையின் 'ஃபுட்டேட்டா சென்ட்ரல்' என்ற உணவுச்சத்துத் தளம் வசதியானது. அதுவும் இலவசம்.

படி 4: அறிவுரை வேண்டுமென்றால்

என்ஐஎன் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 17 பரிந்துரைகள் உள்ளன. தசை வளர்க்கப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று அதில் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். விற்பனைத் தளத்தில் இந்த வரியை நீங்கள் பார்க்கவே முடியாது. உப்பு, சர்க்கரை அளவுகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தளம் போதும். பெரியவர்களுக்கு உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள்.

இவையெல்லாம் பொதுவாக நலமாக இருப்பவர்களுக்கான அளவுகள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் என்றால் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

படி 5: "ஆய்வு சொல்கிறது" என்றால்

ஆய்வின் தலைப்பை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் 'பப்மெட்' தளத்தில் தேடுங்கள். சுருக்கத்துக்குக் கீழே பல கட்டுரைகளுக்கு நலன் முரண் அறிவிப்பு, அதாவது ஆய்வாளர்களுக்கு யாருடன் பணத் தொடர்பு இருக்கிறது என்ற விவரம், இருக்கும். 1967-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இதயநோய்க்குக் கொழுப்பைக் குறைசொல்லி, சர்க்கரையின் பங்கைக் குறைத்துக்காட்டி எழுதினார்கள். அதற்குச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு பணம் கொடுத்த விவரம் 2016-இல்தான் வெளியே வந்தது. அதனால் பழைய கட்டுரையில் அறிவிப்பே இல்லையென்றால் பணம் வாங்கவில்லை என்று அர்த்தமில்லை. அதே கேள்விக்குப் பிறகு வந்த வேறு குழுக்களின் ஆய்வுகளையும் தேடிப் பாருங்கள்.