கம்பஸ் பூட்டு, மெட்சும் இல்லை: இனி என்ன செய்வது?

டெங்கு பரவுகிறதென்று கம்பஸைப் பூட்டி, திருகோணமலை மக்கெய்சர் மைதானத்து மெட்சையும் நிறுத்திவிட்டால் உடனே பஸ் ஏறாதீர்கள். முதலில் விடுதி வாளியைக் கவிழ்த்து, உட்பக்கத்தைத் தும்பால் நன்றாக உரஞ்சிக் கழுவுங்கள், ஏனென்றால் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்து, நீங்கள் திரும்பி வந்து தண்ணீர் பிடித்ததும் பொரிக்கும்.

காய்ச்சலா? வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். பரசிட்டமோல் மட்டும் அளவோடு போடலாம். விளையாடிய உளைவுக்கு வாங்கி வைத்த இபுபுரூபன், அஸ்பிரின் பக்கமே போகவேண்டாம், இரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் விட்ட கையோடு பந்தைத் தூக்கிக்கொண்டு டச்பே கடற்கரைக்கு ஓடுகிற ஆட்களை நினைத்தால்தான் எனக்குப் பயம், ஆபத்தான நேரமே அதுதான். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி என்றால் நேரே ஆஸ்பத்திரி.

அப்புறம், போட்டிக்குக் கட்டிய காசின் ரசீதை எறிந்துவிடாதீர்கள்.