மழைக்காட்டில் படமெடுக்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது கேமராவை எடுத்துக்கொண்டு கிரிக் பக்கம், பெலும் – தெமெங்கோர் காட்டுக்குக் கிளம்புகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனால், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளையே இவர்களும் ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. பேட்டரி தீர்ந்துபோவதையும் மெமரி கார்டு நிரம்பிவிடுவதையும் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை முதல் பயணமே கற்றுக்கொடுத்துவிடும்.

ஆப்பிரிக்காவை எதிர்பார்த்துப் போவது

தொலைக்காட்சியில் செரெங்கெட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சஃபாரி என்றாலே திறந்த வண்டியும் புல்வெளியில் படுத்திருக்கும் சிங்கங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே விலங்குகள் வண்டிகளுக்குப் பழகிவிட்டதால் வண்டியே மறைவிடமாகிவிடுகிறது. நம் காட்டிலோ சில மீட்டருக்கு அப்பால் இலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு தெரிவித்தது. அப்படியிருக்க, புலியை நேரில் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்குவது நேர்மையாகாது. புலிக்குத் தானியங்கிக் கேமராதான் வழி. யானை, நீள்மூக்குத் தாபிர், கடமான் ஆகியவை உப்புமண் தேடி வரும் சிரா என்னும் இடங்களின் அருகே பொறுமையாகக் காத்திருப்பதும், விடியற்காலையில் படகில் ஏரிக்கரையோரமாக மெதுவாகச் செல்வதும்தான் இந்தக் காட்டுக்கு ஏற்ற முறைகள்.

இருவாய்ச்சியின் கூட்டடியில் முகாமிடுவது

இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

பெலும் – தெமெங்கோர் பகுதியில் பத்து வகை இருவாய்ச்சிகள் வாழ்கின்றன. இவற்றால் மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்த இடத்திலோ உள்மரம் அழுகிய இடத்திலோ தானாக உண்டான பெரிய பொந்துகளையே நம்பியிருக்கின்றன. அத்தகைய பொந்து அமையும் அளவுக்குப் பருத்த மரங்கள் வெட்டுமரத் தொழிலுக்கும் வேண்டியவை என்பதால், நல்ல பொந்து கிடைப்பதே அரிது. கிடைத்ததும் பெண் பறவை உள்ளே புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் கொண்டு வாயிலை அடைத்து, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கிறது. பல இனங்களில் உள்ளே இருக்கும்போதே அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. சில இனங்களில் தாய் முன்னதாகவே வெளியே வந்து இரை தேட உதவும். சிலவற்றில் குஞ்சு பறக்கும்வரை உள்ளேயே இருக்கும். எதுவாயினும், உள்ளே அடைபட்டிருக்கும் அத்தனை வாரங்களும் தாய்க்கும் குஞ்சுக்கும் உணவு கொண்டுவருவது பெரும்பாலும் ஆண் பறவைதான். பெரிய இனங்கள் ஒரு பருவத்தில் வழக்கமாக ஒரே குஞ்சைத்தான் வளர்த்தெடுக்கின்றன.

அந்த மரத்தடியில் நான்கு பேர் கேமரா முக்காலியை நிறுத்திக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? தொண்டை நிறைய அத்திப்பழத்துடன் வரும் ஆண் பறவை, மனிதர்களைக் கண்டதும் தொலைவிலுள்ள மரத்தில் அமர்ந்துவிடும். பறவை வரட்டும் என்று இவர்கள் காத்திருக்க, இவர்கள் போகட்டும் என்று அது காத்திருக்க, உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும்.

எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்காக இப்படித்தான் ஒரு கூட்டின் கீழ் முகாமிட்டார்கள். வழிகாட்டியாக உடன்சென்ற தெமியார் பூர்வகுடிப் பெரியவர், ஆண் பறவை எதிர்மரத்தில் காத்திருப்பதைக் காட்டி, கிளம்பிவிடலாம் என்று காலையிலேயே சொல்லியிருக்கிறார். ஊட்டும் காட்சி கட்டாயம் வேண்டும் என்று நிறுவனம் நெருக்கியதால் யாரும் நகரவில்லை. மறுநாள், பொந்து தெளிவாகத் தெரியவில்லை என்று குறுக்கே இருந்த கிளைகளையும் வெட்டினார்கள். அந்தப் பருவத்தில் அங்கிருந்து குஞ்சு வெளிவரவில்லை. அடுத்த பருவத்தில் எந்த இணையும் அந்தப் பொந்தை நாடவில்லை. படப்பிடிப்புக் குழு என்றாலே இப்போது அந்தப் பெரியவர் வர மறுக்கிறார். அவர் மறுப்பது முற்றிலும் நியாயம்.

ஊட்டும் காட்சி இல்லாமலே நல்ல படம் எடுக்கலாம். பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். இருவாய்ச்சியோடு கிப்பன் குரங்கும் பச்சைப்புறாவும் அணிலும் அங்கு வந்துபோகும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தெமெங்கோர் ஏரிக்கு மேலே கூட்டங்கூட்டமாகக் கடந்து செல்லும் இருவாய்ச்சிகளைப் படகிலிருந்தபடியே பதிவுசெய்யலாம். கூட்டைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால், அந்தப் பறவையை ஆண்டுக்கணக்கில் கவனித்துவரும் ஆய்வாளரையோ பூர்வகுடி வழிகாட்டியையோ முன்னிறுத்தி, அவர் சொல்லும் தொலைவில் மறைவிடம் அமைத்து, இருள் பிரியுமுன் உள்ளே சென்று, இருட்டிய பின்பே வெளியேறுங்கள். ஆண் பறவை வழக்கமான இடைவெளியில் வரவில்லையெனில் அன்றைய வேலை முடிந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இதை நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் போனபின் வாதாட நேரமிருக்காது.

இடத்தை வெளியிடுவது

கூடு, சிரா, புலித்தடம் ஆகியவற்றின் இருப்பிடத்தை எங்கும் பதிவிடாதீர்கள். அலகின் மேலுள்ள தலைக்கொம்புக்காகக் கொல்லப்பட்டே கொம்பிருவாய்ச்சி 2015-இல் மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. நீங்கள் பகிரும் இடத்தை வேட்டைக்காரனும் பார்க்கிறான்.

யானையைக் கண்டதும் இறங்குவது

கிரிக் – ஜெலி நெடுஞ்சாலையில் யானை நின்றால் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது

கூடாது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக எண்ணித்தான் அது வருகிறது.

ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

பெரிய இருவாய்ச்சி பறக்கும்போது எழும் சிறகோசை, பறவை கண்ணில் படுமுன்பே காதில் விழும். அதைப் பதிவுசெய்யாமல் இசையைப் போட்டு நிரப்பும் படங்களே நம்மிடம் அதிகம். படம் எடுக்காத நேரத்திலும் ஒலிப்பதிவுக் கருவி இயங்கட்டும். காலை, நண்பகல், அந்தி என ஒவ்வொரு வேளையின் காட்டொலியும் வேறு.

குளிரூட்டிய அறையிலிருந்து நேராகக் காட்டுக்குள்

கிரிக்கில் விடுதி அறையின் குளிரில் இரவெல்லாம் கிடந்த லென்சை ஈரக்காற்றில் திறந்தால் உடனே பனி படர்ந்துவிடும். துடைத்தாலும் மீண்டும் படரும். பையை மூடியபடியே வெளியில் வைத்து, வெளிவெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். வீடு திரும்பியதும் லென்சுகளை ஈரமுறிஞ்சும் சிலிக்கா போட்ட பெட்டியில் வையுங்கள். நம் தட்பவெப்பத்தில் பூஞ்சை பிடித்த லென்சை முழுமையாகச் சரிசெய்வது கடினம். செலவும் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டாகலாம்.